அம்மாவின் வெள்ளிப் பெட்டியும் ஓர் அமானிதமும்



எங்கள் தாயார் வஃபாத்தாகி இரண்டு மாதங்கள் கழிந்த பின்னர், சகோதரர்கள் இருவரும் சகோதரி ஒருவரும் சிவகாசியிலுள்ள பழைய வீட்டில் ஒன்றுகூடினோம். அத்தா முன்னரே இறையடி சேர்ந்துவிட்டார்கள். அம்மா விட்டுச் சென்றவற்றை மார்க்கம் வகுத்த முறைப்படி பங்கிட வேண்டியிருந்தது. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் ஆண்மக்களுக்கு இரு பங்கும் பெண்மக்களுக்கு ஒரு பங்கும் வகுத்திருக்கிறது. ஆகவே எங்களுக்கு வருபவை ஐந்து பங்குகள். அதே வசனம், இறந்தவரின் கடனையும் மரண சாசனத்தையும் நிறைவேற்றிய பின்னரே பங்கு என்பதையும் சொல்லிவிடுகிறது. கணக்கு எளிது, ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்று எண்ணியே அமர்ந்தோம். அது முடிய நான்கு மாதங்கள் ஆயின.

பொன் சிறிதளவே இருந்தது. அதைப் பிரிப்பதில் சிக்கல் எழவில்லை. சிக்கல் எழுந்தது வெள்ளிப் பெட்டியில். பழைய தகரப் பெட்டி ஒன்றில் அம்மா தம் வெள்ளிப் பொருள்களைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு தாம்பாளத் தட்டு, திருமண வீடுகளுக்கு இரவல் கொடுத்து வாங்கும் பன்னீர்ச் செம்பு, அம்மா அணிந்த கொலுசு, நன்னியிடமிருந்து வந்த சுர்மாச் சிமிழ், இவற்றோடு இன்னொரு சோடிக் கொலுசும் இருந்தன. தெருமுனையிலுள்ள நகைக்கடைத் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தோம். 720 கிராம் வந்தது.

அம்மாவிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. ஆண்டுதோறும் ரமலான் பிறந்ததும் அதில் ஜகாத் கணக்கு எழுதுவது அவர்களின் வழக்கம். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாலும் கணக்கில் பிசகாதவர்கள். ரொக்கம், பொன், வெள்ளி என்று மூன்று வரிகள். கீழே நாற்பதில் ஒரு பங்கு. வெள்ளி வரியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே எண்தான் இருந்தது: 602 கிராம். நாற்பதில் ஒரு பங்காக 15.05 கிராம், அதற்கு அவ்வாண்டு விலை. பெட்டியில் 720, ஏட்டில் 602. வேறுபாடு 118 கிராம்.

முதலில் எங்களுக்கு வந்த எண்ணம், அம்மா ஏதோ விடுபட எழுதியிருக்கிறார்கள் என்பதே. அப்படியானால் விடுபட்ட ஜகாத் அவர்கள் பொறுப்பில் நிற்கிறதே என்ற கவலை பிறந்தது. கலப்பு உலோகத்தைக் கழித்து எழுதினார்களோ என்றும் பார்த்தோம். இதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில், ஒரு பொருளில் வெள்ளி மிகுந்து கலப்பு குறைந்திருந்தால் முழுப் பொருளும் வெள்ளியாகவே கொள்ளப்படும். ஷாஃபி மத்ஹபில் உள்ளிருக்கும் தூய வெள்ளியின் அளவே கணக்கில் சேரும். மேலும் பெண்கள் வழக்கமாக அணியும் ஆகுமான நகைகளுக்கு அங்கே ஜகாத் இல்லை. நாங்கள் ஹனஃபிகள். அம்மாவும் அணியும் நகைக்குச் சேர்த்தே கொடுத்து வந்தவர்கள். எனவே கழிவு என்ற விளக்கம் பொருந்தவில்லை.

பொருள்களைத் தனித்தனியே நிறுத்தபோதுதான் விடை கிடைத்தது. தாம்பாளம் 260, பன்னீர்ச் செம்பு 210, அம்மாவின் கொலுசு 96, சுர்மாச் சிமிழ் 36. நான்கும் சேர்ந்து சரியாக 602. மீதமிருந்த 118 கிராம் அந்த இரண்டாம் சோடிக் கொலுசின் எடை. அம்மா எதையும் மறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்தக் கொலுசைத் தெரிந்தே கணக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். தமக்கு உரிமையில்லாத பொருளுக்கு ஒருவர் ஜகாத் கொடுப்பதில்லை.

அது யாருடையது என்பதற்கு ஏட்டில் ஒரு சொல்லும் இல்லை. எங்களுள் ஒருவர், "இருபது வருஷமா இங்கேயே கிடக்கு, கேட்டு யாரும் வரலை. அம்மா பெட்டியில இருக்கறது அம்மாவோடதுதான்" என்றார். வெள்ளி விலை ஏறியிருக்கும் இந்நாளில் அச்சொல்லுக்கு ஓர் இழுப்பு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. குரல்கள் சற்று உயர்ந்தன. பிறகு பள்ளிவாசல் ஹழ்ரத் அவர்களிடம் சென்று கேட்டோம். அவர்கள் சுருக்கமாகச் சொன்னார்கள்: "அமானிதம் என்று தெரிந்துவிட்டால் அது சொத்தில் சேராது. உரியவரைத் தேடுங்கள். முயற்சி செய்தும் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் தர்மம் செய்துவிடலாம். ஆனால் தேடாமல் அந்த வழிக்குப் போகாதீர்கள்."

தேடுவதற்கு எங்களிடம் இருந்தது கொலுசு மட்டுமே. ஆகவே அதையே படிக்கத் தொடங்கினோம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அம்மாவின் தாம்பாளம், செம்பு, கொலுசு மூன்றிலும் ஒரே கடையின் முத்திரை இருந்தது. அம்மா வாழ்நாள் முழுவதும் ஒரே கடையில் வாங்கியவர்கள். ஆங்கில எழுத்துகள் மூன்று ஒரு சிறு கட்டத்துக்குள் இருந்தன. இரண்டாம் சோடியில் கொக்கியை ஒட்டிய தகட்டில் முத்திரை வேறாக இருந்தது. முட்டை வடிவ வளையத்துக்குள் இரண்டு தமிழ் எழுத்துகள். அருகே 80 என்ற எண். அதன் பொருள் எங்களுக்குத் தெரியவில்லை. கடைவீதிக்குப் பின்னே ஒரு சந்தில் அரை நூற்றாண்டாக வெள்ளி வேலை செய்துவரும் பத்தர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம்.

அவர் கொலுசை வாங்கி முதலில் முகர்ந்தார், பிறகு கண்ணாடியை மாட்டினார். "இது சேலத்துச் சரக்கு. முத்திரை சேலத்துக்காரன் முத்திரை இல்ல, வித்த கடையோட சீல்" என்றார். பின்னர் பொறுமையாக விளக்கினார். தமிழ்நாட்டுக் கால்களில் ஒலிக்கும் கொலுசுகளில் பெரும்பங்கு சேலத்தில் உருவாகிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு எனப் பல பகுதிகளில் வீட்டுக்கு வீடு இத்தொழில் நடக்கிறது. ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பர். ஒரு வீட்டில் கண்ணி கோப்பர். ஒரு வீட்டில் பற்றவைப்பர். ஒரு வீட்டில் மெருகேற்றுவர். எத்தனையோ கைகள் பட்ட பொருளில் அக்கைகளுள் எதன் பெயரும் இராது. விற்கும் கடையின் பெயர் மட்டுமே பதியும். பின்னாளில் வாடிக்கையாளர் மாற்ற வரும்போது தன் சரக்கை அடையாளம் கண்டு விலை போட அக்கடைக்கு அது உதவும்.

80 என்ற எண் எண்பது டச்சு, அதாவது நூற்றில் எண்பது பங்கு வெள்ளி. தூய வெள்ளி மிக மென்மையானது. நடக்கும் காலில் அது வளைந்து நெளிந்துவிடும் என்பதால் செம்பு கலக்கிறார்கள். கண்ணிகளைப் பற்றவைக்கும் பொடியிலும் கலப்பு உண்டு. ஆனால் அந்த எண் கடைக்காரரின் வாக்கு மட்டுமே. "எண்பதுன்னு அடிச்சுட்டு எழுபதுக்கு விக்கிறவனும் உண்டு" என்றார் பத்தர். தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. தானியத்தின் ஈரத்தைக் கை காட்டிவிடும். உலோகத்தின் ஈரம் கண்ணுக்கும் கைக்கும் தெரியாது. அதனாலேயே முத்திரை தேவைப்படுகிறது.

இன்று அந்த முத்திரைக்கு அரசின் சான்றும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். 2000ஆம் ஆண்டில் தங்கத்துக்கும் 2005ஆம் ஆண்டில் வெள்ளிக்கும் ஹால்மார்க் முறையைக் கொண்டுவந்தது. தங்கத்துக்கு 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக அது கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு தங்க நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட தனி அடையாளக் குறியும் இருக்க வேண்டும். வெள்ளிக்கு அக்குறி 2025 செப்டம்பர் 1இல் வந்தது. ஆனால் அது விருப்பத்தின் பேரிலானது. முக்கோணக் குறியும் 800, 835, 925, 970, 990 போன்ற எண்ணும் சேர்ந்து இருந்தால் ஆய்வு மையத்தில் சோதிக்கப்பட்டது என்று பொருள். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அம்மாவின் தாம்பாளத்தில் முக்கோணம் இருந்தது. இந்தக் கொலுசில் இல்லை.

பத்தர் அடுத்துச் சொன்னதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. கண்ணிகளின் இடுக்குகளில் படிந்திருந்த கருமையைக் காட்டி, "இது சும்மா கறுத்ததில்ல. கந்தகம். தீப்பெட்டி ஆபீஸ்ல உக்காந்து வேலை பாத்த கால்ல கெடந்தது" என்றார். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம்தான். எல்லா வீட்டு வெள்ளியும் காற்றிலுள்ள சிறிதளவு கந்தகத்தால் மெல்லக் கறுக்கும். மருந்து புழங்கும் இடத்தில் நாளெல்லாம் அமர்ந்திருப்பவரின் வெள்ளி விரைந்தும் ஆழமாகவும் கறுத்துப்போகும். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய நாள் முதல் இவ்வட்டாரத்தின் வீடுகளில் புகுந்த அந்தக் கந்தகம், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் காலிலும் தன் முத்திரையைப் பதித்திருந்தது.

பத்தர் உரைகல்லில் உரசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்றோம். பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துக் கழுவித் தரட்டுமா என்றார். அதுவும் வேண்டாமென்றோம். உரசினால் எள்ளளவேனும் வெள்ளி கல்லில் தங்கும். கழுவினால் அடையாளம் போகும். பிறருடைய பொருளில் எள்ளளவும் பிறருடையதே.

அன்றிரவு நாங்கள் மூவரும் முத்திரைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நபி (ஸல்) அவர்கள் பிற நாட்டு மன்னர்களுக்கு மடல் எழுத விரும்பியபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் படிப்பதில்லை என்று தோழர்கள் தெரிவித்தனர். அப்போது வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யப்பட்டது. முஹம்மத், ரஸூல், அல்லாஹ் என்ற மூன்று சொற்கள் மூன்று வரிகளாக அதில் பொறிக்கப்பட்டன. தம் மோதிரத்தில் உள்ளதைப் போன்ற வாசகத்தை வேறெவரும் பொறித்துக்கொள்ளக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அழகுக்காக மோதிரம் அணிவதை அவர்கள் தடுக்கவில்லை. ஒருவரின் அடையாளத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வதையே தடுத்தார்கள். அம்மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோர் கைகளுக்கு வந்து, உஸ்மான் (ரலி) காலத்தில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள்கள் தேடியும் கிடைக்கவில்லை.

ஜகாத்தின் நிஸாபுக்கும் முத்திரைக்கும் தொடர்பு உண்டு. வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம். திர்ஹம் ஒன்றை 2.975 கிராம் எனக் கொண்டால் 595 கிராம். நம் நாட்டில் பல உலமாக்கள் ஐம்பத்திரண்டரைத் தோலா என்று கணக்கிட்டு 612.36 கிராம் என்பர். உமையா கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 79ஆம் ஆண்டுவாக்கில் திர்ஹம் நாணயத்தைச் சீர்திருத்தியபோது, உருவங்களை நீக்கி, வசனங்களோடு அச்சடித்த ஊரின் பெயரையும் ஆண்டையும் பொறிக்கச் செய்தார். எங்கே, எப்போது என்பதை வெள்ளியே சொல்ல வேண்டும் என்பது அதன் பயன்.

இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே வெள்ளிக்குச் சிறுத்தைத் தலை முத்திரை சட்டமாயிற்று. செய்தவரின் குறியும் வேண்டும் என்ற விதி 1363இல் வந்தது. ஆனால் அவர்கள் ஆண்ட நம் நாட்டில் அப்படியொரு பொது முத்திரையை அவர்கள் ஏற்படுத்தவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்து வெள்ளிப் பாத்திரங்களில் காணப்படுவது நிறுவனத்தின் பெயரே; அதைச் செதுக்கிய ஆசாரியின் பெயரன்று. இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் ஹோப்பி பழங்குடியினரிடம் உண்டு. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஹோப்பி இளைஞர்களுக்கு 1947 முதல் பால் சவுஃப்கி, ஃபிரெட் கபோட்டி ஆகியோர் வெள்ளி வேலை கற்பித்தனர். 1949இல் அவர்களுக்கென ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. அங்கே ஒவ்வொரு கைவினைஞரும் தமக்கென ஒரு சிறு குறியை நகையின் பின்புறம் பதிப்பார். மேகமோ, கரடிப் பாதமோ, சோளக் கதிரோ, தம் குலத்தை உணர்த்தும் வேறேதேனும் சின்னமோ அதில் இருக்கும். அக்குறிகளைத் தொகுத்து மார்கரெட் ரைட் என்பவர் நூலாகவே வெளியிட்டார். குறியைக் கண்டால் செய்தவரைச் சொல்லிவிடலாம்.

எங்கள் கையிலிருந்த கொலுசில் செய்தவரின் குறி இல்லை. ஆனால் இரண்டாம் முறை வெயிலில் வைத்துப் பார்த்தபோது, கொக்கித் தகட்டின் உட்புறத்தில் ஊசியால் கீறிய ஒரு தமிழ் எழுத்து தெரிந்தது. கோணல்மாணலாக, எழுதப் பழகாத கை கீறியது போலிருந்தது. அணிந்தவர் தம் பெயரின் முதலெழுத்தைத் தாமே கீறிக்கொண்டிருக்கிறார். அந்த எழுத்தை இங்கே எழுதவில்லை.

பத்தர் சொன்ன தடத்தில் சாத்தூர் கடைவீதிக்குச் சென்றோம். மூன்றாவது கடையில் முத்திரையைக் கண்டதும் முதியவர் ஒருவர் புன்னகைத்தார். "இது எங்கப்பா காலத்து சீல். நான் வந்தப்புறம் இங்கிலீஷ் எழுத்துக்கு மாத்திட்டேன்" என்றார். யாருக்கு விற்றது என்பது அவருக்கு நினைவில்லை. பழைய ரசீதுகளும் இல்லை. எனினும் ஒரு செய்தி சொன்னார். அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வாரச் சீட்டுக் கட்டி, சீட்டு முடிந்ததும் இம்மாதிரிக் கொலுசு வாங்குவார்களாம். கனமான கொலுசு என்றால் இரண்டு சீட்டுப் பணமாவது இருக்கும் என்றார்.

சாத்தூர், தீப்பெட்டி, அந்த எழுத்து. மூன்றையும் சேர்த்துச் சொன்னபோது எங்கள் சகோதரி சட்டென்று எழுந்து நின்றார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஓர் அக்கா இருந்தார். பகலில் ஆபீஸ் வேலை. மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு அமர்ந்து தீப்பெட்டிக்கூடு ஒட்டுவார். குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. பசை காயும் வரை இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் அக்குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆயினும் எழுதியாக வேண்டும். அம்மா தம் கடைசி ஆண்டில் மறதியால் துன்புற்றார்கள். பலமுறை எங்களை அழைத்து, "அந்தக் கொலுசு, அந்தக் கொலுசு" என்றார்கள். தம் கொலுசைக் கேட்கிறார்கள் என்று எண்ணி, பெட்டியைத் திறந்து அவர்களுடைய கொலுசை எடுத்துக் காலில் மாட்டிவிட்டோம். அவர்கள் அதைக் கழற்றிவிட்டு மீண்டும் அதையே சொன்னார்கள். வயதானவர்களின் பிடிவாதம் என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக. அவர்கள் கேட்டது நகையை அல்ல. ஒப்படைக்க வேண்டிய ஒன்றை ஒப்படைக்கும்படி எங்களிடம் மன்றாடியிருக்கிறார்கள்.

அந்த அக்காவின் உறவினர் ஒருவர் திருத்தங்கலில் இருப்பதை அறிந்து, அவர் வழியாகத் திருப்பூரில் அவருடைய வீட்டைக் கண்டுபிடிக்க மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. கண்டெடுத்த பொருளைப் பற்றி வினவிய தோழரிடம், அதன் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அறிந்து வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உரிமை கோரி வருபவர் அடையாளம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அது. அம்முறைப்படி நாங்கள் கொலுசை எடுத்துக் காட்டாமல், அம்மாவிடம் ஏதேனும் கொடுத்து வைத்திருந்தீர்களா என்று மட்டும் கேட்டோம்.

அறுபதைக் கடந்த அந்த அம்மையார் சற்று நேரம் எங்கள் முகங்களையே பார்த்தார். "நீங்க பாய் வீட்டு அக்கா பிள்ளைகளா?" என்றார். பிறகு, "கொலுசு குடுத்து வச்சேன். ஒன்னோட கொக்கி லூசா இருக்கும். பச்ச நூலு சுத்தியிருப்பேன். உள்ள எம்பேரு எழுத்து ஊசியால கீறிருப்பேன்" என்றார். கொக்கியில் பச்சை நூலின் நைந்த இழை இன்னும் இருந்தது. கறுப்பு என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

வீட்டில் வைத்தால் அடகுக் கடைக்குப் போய்விடும் என்பதால் அம்மாவிடம் கொடுத்ததாகச் சொன்னார். கடனுக்கான ஈடு அன்று, பாதுகாப்புக்காக மட்டுமே. ஊரைவிட்டுப் போனபோது அவசரத்தில் வாங்கவில்லை. பிறகு ஏன் வந்து கேட்கவில்லை என்று கேட்டோம். "எங்க இருந்தாலும் களவு போயிரும்னு பயம் இருக்கும். அக்காகிட்ட இருக்குன்னு நெனச்சா பயம் இல்ல. எம்பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கலாம்னு இருந்தேன். அப்ப வர முடியல. அப்புறம் பேத்திக்குன்னு நெனச்சேன்" என்றார். அம்மா மறைந்த செய்தியை நாங்கள் சொன்னபோது, கொலுசைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து செல்லும் இரவில், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள் என்பது வரலாறு. கொள்கையில் பகைத்தவர்களும் பொருளைக் காக்க அவர்களையே நம்பினர். உயிருக்கு ஆபத்தான அந்த நேரத்திலும் பொருளுக்குரியவர் யார் என்ற கணக்கு மறக்கப்படவில்லை. சிறு வயது முதல் மேடைகளில் நாம் கேட்டுவரும் செய்திதான் இது. கூடு ஒட்டும் திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு பெண் அதை இருபதாண்டுகள் ஓசையின்றிக் கடைப்பிடித்திருக்கிறார் என்பதும், அதை முடித்து வைக்க வேண்டிய எங்கள் காதுகள் அடைத்துக் கிடந்தன என்பதும் எங்களுக்குப் பின்னரே விளங்கின.

படிப்பவர்களுக்குப் பயன்படுமென்று சில செய்திகளைச் சொல்லி முடிக்கிறோம். உங்கள் வீட்டில் பிறர் பொருள் ஏதேனும் இருந்தால், இன்றே ஒரு தாளில் யாருடையது, எப்போது, எதற்காக என்று எழுதி அப்பொருளோடு வையுங்கள். அம்மாவின் ஏட்டில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான்கு மாதத் தேடல் தேவைப்பட்டிருக்காது. நகைகளிலுள்ள முத்திரைகளைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். தேய்ந்தபின் அவற்றைப் படிக்க இயலாது. வெள்ளி வாங்கும்போது முக்கோணக் குறியும் தூய்மை எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். தனித்து நிற்கும் 80 என்ற எண் கடையின் வாக்கு மட்டுமே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஜகாத் கணக்கிடும்போது எடையைத் தராசில் வைத்துப் பாருங்கள். கலப்பு வெள்ளியின் சட்டத்தை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டறியுங்கள். பிறர் அமானிதத்தை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால், அது மறதியா கடமையா என்று ஒரு முறையேனும் நின்று கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து திரும்பிய பின்னர் 602 கிராம் வெள்ளியை ஐந்து பங்காகப் பிரித்தோம். பன்னீர்ச் செம்பைச் சகோதரி எடுத்துக்கொண்டார். எடையில் கூடியதை ரொக்கமாகச் சரிசெய்தார். அந்தக் கொலுசும் அம்மாவுடையதே என்று வாதிட்ட சகோதரரே அம்மாவின் குறிப்பேட்டைத் தமக்குக் கேட்டார். இந்த ரமலானில் அதில் எழுதப்படாத பக்கத்தில் அவர் தம் கணக்கைத் தொடங்கியிருக்கிறார்.

எங்கள் தாயாரின் பிழைகளைப் பொறுத்து, அவர்கள் காத்த அமானிதத்தின் பொருட்டு அவர்களது கப்றை ஒளிமயமாக்குவானாக. ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவரிடம் சேர்க்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.